ஜலகண்டமும் பாய்மரப் படகும்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்தில் சென்ற முறை பேசியவர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார். அதற்கு முன் பேசியவர் உயில் எழுதுவதைப் பற்றிப் பேசினார். இரண்டும் நம் வயதுக்கு மிகவும் வேண்டிய விஷயங்கள். நான் பேசப் போவது சின்னப் பாய்மரப் படகு ஓட்டுவதைப் பற்றி. செயலாளர் தொலைபேசியில் தலைப்பைக் கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "ஸம்ஸார ஸாகரத்தைத் தாண்டுவது பற்றித்தானே ஸார்?" என்றார். "இல்லை, ஹுஸைன் ஸாகரைத் தாண்டுவது பற்றி" என்றேன்.

நாம் எல்லோரும் பஜனையில் ஸம்ஸார ஸாகரத்தைக் கடப்பதைப் பற்றிப் பாடியிருக்கிறோம். ஆனால் இந்த ஹாலில் எத்தனை பேர் துடுப்பையோ சுக்கானையோ கையில் பிடித்திருக்கிறோம்? டாங்க் பண்ட் வழியாக நாற்பது வருஷமாகப் போய் வருகிறோம். ஏரிக்கு நடுவில் புத்தர் நிற்கிறார். 1990-ல் மிதவையில் கொண்டு போகும்போது தண்ணீரில் மூழ்கி, 1992 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டாரே, அவரையும் பார்த்துக் கும்பிடுகிறோம். அவரைச் சுற்றி வெள்ளை முக்கோணங்களாகச் சில படகுகள் மழைக்காலத்தில் போவதையும் பார்த்திருப்போம். அது பணக்காரர்கள் விளையாட்டு, ராணுவத்தினர் விளையாட்டு, நமக்கில்லை என்று பஸ்ஸில் திரும்பி உட்கார்ந்து கொள்வோம்.

நான் ஏன் அப்படித் திரும்பி உட்காராமல் போனேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூர்வீகம் காவிரிக் கரை. வாசலில் இருந்து நூறு அடியில் படித்துறை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஆடி வெள்ளத்தில், என் அப்பாவின் கடைசித் தம்பி படித்துறையில் கால் வழுக்கிப் போனார். சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்ற இருபது பேருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். குழந்தைகள் முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்தச் சட்டம் மூன்று தலைமுறைக்குச் செல்லுபடியானது. காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்து, ஒருவருக்கும் நீந்தத் தெரியாத குடும்பம் எங்களுடையது.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசுத் தணிக்கைத் துறையில் சேர்ந்து, பல ஊர்களில் பணியாற்றி, 2010-ல் இங்கே ஓய்வு பெற்றேன். மறு வருஷம், அறுபத்தோராம் வயதில், நகராட்சி நீச்சல் குளத்தில் எட்டு வயதுப் பையன்களோடு நீச்சல் கற்றேன். 2012-ல் ஏரிக்கரையில் ஒரு கிளப்பின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். அங்கேயும் நான்தான் வயதில் மூத்தவன். அடுத்த மூத்தவருக்கு இருபத்தாறு.

பிறகு என் பேத்தி வந்தாள். அவளுடைய ஜாதகத்தை எழுதியவர், பன்னிரண்டு வயது முடிய ஜலகண்டம் உண்டு என்று குறித்திருந்தார். என் மனைவி, "அப்போ தண்ணி பக்கமே போக வேண்டாம்" என்றாள். நான் ஜோதிடத்தோடு வாதம் செய்யவில்லை. "கண்டம் நிஜமானால் நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. கண்டம் இல்லையென்றால் நீச்சல் தெரிந்திருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் தணிக்கையில் இருந்தவனுக்கு இந்தக் கணக்குப் போதும். ஆறு வயதில் நீச்சல், 2019 கோடையில் ஒன்பது வயதில் படகு. பாட்டி மூன்று வருஷம் ஏரிக்கரைக்கே வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டிங்கி என்பது என்ன? ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, காற்றினால் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. எஞ்சின் கிடையாது. அடியில் கனமான இரும்பு கிடையாது. நடுவில் ஒரு பலகை நீருக்குள் இறங்கியிருக்கும். பின்னால் சுக்கான். மேலே பாய்மரம், பாய், பாயை இழுக்கவும் விடவும் ஒரு கயிறு. நம் கடற்கரை மீனவர்கள் படகின் முன்முனையை அணியம் என்பார்கள். மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் ஏரியில் வீசுவது அந்தக் கச்சான்தான். கட்டுமரம் என்ற நம் சொல்லையே உலகம் முழுக்கப் படகுக்குப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இது முழுக்க வெள்ளைக்காரன் வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குழந்தைகள் தொடங்குவது ஆப்டிமிஸ்ட் என்ற படகில். 1947-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநர், ஊர்க் குழந்தைகளுக்காக, சாதாரண ப்ளைவுட் பலகையில் செய்துவிடும்படி இதை வடிவமைத்தார். நீளம் சுமார் 2.3 மீட்டர். நம் வீட்டுக் கட்டிலை விடச் சற்றுப் பெரிசு. எடை 35 கிலோ. முன்பக்கம் சப்பையாக, பார்த்தால் மாவு பிசையும் மரத்தொட்டி போல இருக்கும். ஆனால் பதினைந்து வயது வரையிலான குழந்தைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதில்தான் கற்கிறார்கள்.

பெரியவர்களுக்கு லேசர். 1969-ல் ப்ரூஸ் கர்பி என்பவர் வரைந்தது, 1971 முதல் விற்பனைக்கு வந்தது. 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். நீளம் 4.2 மீட்டர், ஒரே ஆள், ஒரே பாய். படகு ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு. பெரியது 7.06 சதுர மீட்டர், நடுத்தரம் 5.76, சிறியது 4.7. உடல் எடைக்கு ஏற்ற பாயைப் போட்டுக் கொள்ளலாம். இதில் பெரிய பாய் 1996 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. நடுத்தரம் 2008 முதல் பெண்களுக்கு. நான் கற்றது நடுத்தரப் பாயில்.

படகு வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தொடங்குகிறவர் முதல் வருஷம் படகு வாங்கவே கூடாது. கிளப் படகில் கற்க வேண்டும். வாங்க வேண்டியது மூன்று. உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் மிதவை ஜாக்கெட், வழுக்காத பழைய கான்வாஸ் ஷூ, நாடாவோடு ஒரு தொப்பி. மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு நாடா கட்டிக் கொள்ளுங்கள். நம் வயதில் இது முக்கியம்.

அதற்கும் முன்னால் நீச்சல். போட்டுக்கொண்ட துணியோடு ஐம்பது மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், தண்ணீரில் பதறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். அது வந்த பிறகும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்பது ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதைப் போல.

இப்போது முதல் பாடம். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே மாணவனைப் படகோடு கவிழ்த்து விடுவார். இதைக் கேட்டதும் மாமிகள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. ஆனால் பயம் போவது இங்கேதான்.

டிங்கி கவிழும். கவிழாமல் கற்றவர் யாரும் இல்லை. ஆனால் அது மூழ்காது. காற்றுப் பைகளோ, அடைத்த காற்றறைகளோ உள்ளே இருக்கும். ஆகவே முதல் விதி, என்ன ஆனாலும் படகை விட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரை எப்போதும் இருப்பதை விடக் கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். மீட்புப் படகில் இருப்பவர்களுக்குத் தண்ணீரில் ஒரு தலை தெரியாது. ஒரு படகு தெரியும்.

இரண்டாவது, படகின் முனை காற்றைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பிக் கொண்டு, பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடிப்பக்கம் வந்து, நீட்டிக் கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி, முடிந்தால் அதன் மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். இது நெம்புகோல் தத்துவம். பலத்தை விட எடையும் பொறுமையும்தான் வேலை செய்யும். பாயில் உள்ள தண்ணீர் வடிய வடிய பாய்மரம் மெல்ல எழுந்து, கடைசியில் சட்டென்று நிமிரும். ஏறி உட்கார வேண்டியதுதான்.

பாய்க்கு அடியில் மாட்டிக் கொண்டால்? கையை மேலே உயர்த்திப் பாயைத் தூக்கினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். பாயில் இருக்கும் தையலைப் பிடித்துக்கொண்டே ஒரே திசையில் போனால் வெளியே வந்துவிடலாம். இதைக் கரைக்கு அருகில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, நாலைந்து தடவை செய்துவிட்டால், பிறகு நடு ஏரியில் கவிழும்போது அது விபத்தாகத் தெரியாது. ஏற்கனவே படித்த பாடத்தைத் திரும்பச் சொல்வது போலத்தான் இருக்கும். எட்டு வயதுக் குழந்தைகள் கவிழ்ந்து, நிமிர்த்தி, சிரித்துக்கொண்டே ஏறுவதைப் பார்த்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. கரையில் நின்ற இருபது பேரில் ஒருவருக்காவது இது கற்றுத் தரப்பட்டிருந்தால் என்று நினைத்தேன்.

அடுத்தது, காற்றை எதிர்த்து எப்படிப் போவது? காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னே போகும், அது புரிகிறது. எதிரே இருந்து காற்று வரும்போது?

நேர் எதிரே போகவே முடியாது. காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் சுமார் 45 டிகிரி வரை போக முடியாத பகுதி. அதற்கு வெளியே போகலாம். எப்படி? பாய் காற்றை வெறுமனே தடுப்பதில்லை, அதை வளைத்துத் திருப்பி விடுகிறது. விமானத்தின் இறக்கை மேலே தூக்கப்படுவதும் இதனால்தான். பாயில் ஏற்படும் விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும், ஒரு சிறுபகுதி முன்னால் இழுக்கும். நடுப்பலகை நீரில் நின்று பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. மிஞ்சுவது முன்னோட்டம். ஈர மாங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் அது முன்னால் பாய்கிறதல்லவா? ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர். மாங்கொட்டை உங்கள் படகு.

ஆகவே காற்றை நோக்கிப் போக வேண்டுமானால் வலப்பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். திருப்பதி மலைப்பாதையில் பஸ் ஏறுவது போல. அப்படித் திரும்புவதற்குப் பெயர் டாக்கிங். காற்று பின்னால் இருக்கும்போது திரும்புவது ஜைபிங். ஜைபிங்கில் பாயின் அடியில் இருக்கும் கம்பம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வேகமாக வீசும். அப்போது தலையைக் குனிய வேண்டும். இந்தப் பாடத்தை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

கற்க வேண்டிய அடிப்படைகள் சிலதான். காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார வேண்டும். பின் கையில் சுக்கான் தடி, முன் கையில் பாய்க் கயிறு. சுக்கான் தடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, படகு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். பாயைத் தளர்த்தினால் அது படபடக்கும். படபடப்பு நிற்கும் வரை இழுத்து, நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் வேகம் குறையும்.

பயம் வந்தால் என்ன செய்வது? கயிற்றை விட்டுவிட வேண்டும். பாய் காற்றில் கொடி மாதிரி ஆடும், படகு நிமிர்ந்து நிற்கும். சாய்கிற படகில் புதியவர் செய்வது இதற்கு நேர் எதிர். கயிற்றை இறுக்கிப் பிடிப்பார். பிடிக்கப் பிடிக்கப் படகு இன்னும் சாயும். இறுக்கிப் பிடிப்பதால்தான் கவிழ்கிறோம் என்பதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கை அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

காற்று எவ்வளவு வேண்டும்? தொடங்குகிறவருக்கு 5 முதல் 8 நாட், அதாவது மணிக்கு சுமார் 9 முதல் 15 கிலோமீட்டர். மரத்தின் இலைகள் விடாமல் அசைந்தால் போதும். தண்ணீரில் கருநிறமாகச் சிற்றலை ஓடி வந்தால், அங்கே காற்று அதிகம் என்று அர்த்தம். அது வந்து சேருவதற்கு முன்னாலேயே தயாராகிவிடலாம். மேகம் கறுத்து இடி கேட்டால் தயக்கமில்லாமல் கரை சேர வேண்டும். ஏரிக்கு நடுவில் உலோகப் பாய்மரத்தோடு இருக்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இனி ரேஸ். "ஒரு பத்து வருஷம் கற்ற பிறகுதானே போட்டி?" என்று நினைப்பீர்கள். இல்லை. கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், டாக்கிங்கும் ஜைபிங்கும் செய்யவும், சொன்ன இடத்தில் நிறுத்தவும் தெரிந்தால் முதல் பருவத்திலேயே கிளப் ரேஸில் இறங்கலாம். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. தனியாக ஓட்டும்போது நாம் வேகமாகப் போகிறோமா என்று தெரியாது. பக்கத்தில் இன்னொரு படகு போனால்தான் தெரியும். ஒரு ரேஸில் கற்பது, ஒரு வாரம் தனியாகச் சுற்றினாலும் வராது.

ரேஸின் முறை சுலபம். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனைக் கோடு. அதுதான் தொடக்கம். 5 நிமிஷம் இருக்கும்போது ஒரு கொடியும் ஓர் ஒலியும். 4 நிமிஷத்தில் இரண்டாவது கொடி ஏறும். 1 நிமிஷம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும். பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்க, புறப்பாடு. படகுக்கு பிரேக் கிடையாது, ஆகவே ஐந்து நிமிஷமும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே, சரியான விநாடியில் கோட்டுக்கு வர வேண்டும். முன்னாலேயே தாண்டினால் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். பிறகு மிதவைகளைச் சொன்ன வரிசையில் சுற்றி வர வேண்டும். முதலாவதாக வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2. பல ரேஸ்களைக் கூட்டி, குறைந்த புள்ளி பெற்றவர் ஜெயித்தவர்.

விதிப் புத்தகம் பெரிசு. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை திருத்தி வெளியிடுகிறார்கள். இப்போது நடப்பது 2025-28 பதிப்பு. தொடங்குகிறவருக்கு மூன்று விதி போதும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கி அடுத்தடுத்துப் போனால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு மற்றதற்கு வழிவிட வேண்டும். பின்னால் வரும் படகு முன்னால் போகும் படகை இடிக்கக் கூடாது.

அந்தப் புத்தகத்தின் முதல் விதி என்ன தெரியுமா? ஆபத்தில் இருப்பவருக்கு எல்லாப் படகும் முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்பது. வெற்றி தோல்வி எல்லாம் அதற்கு அப்புறம். கரையில் நின்று பார்த்த அந்த இருபது பேரை நினைத்துக்கொண்டே இதை முதல் முறை படித்தேன்.

இன்னொரு விசேஷம். கிரிக்கெட்டில் அம்பயர் கையைத் தூக்கும் வரை நிற்கிறார்கள். இங்கே விதியை மீறினோம் என்று தெரிந்தால், தண்டனையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு படகுக்கு வழிவிடாமல் போனால் நின்ற இடத்தில் இரண்டு சுற்று. மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. நம் பாஷையில் சொன்னால் ஆத்ம பிரதட்சிணம். அந்தச் சுற்றை முடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, யாரும் குறை சொல்ல முடியாது.

2022 மழைக்காலத்தில் என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. ஜாதகப்படி கண்டத்தின் கடைசி வருஷம். ஜூனியர் ரேஸில், கடைசி நாள், கடைசி ரேஸ். பாட்டி அன்று முதல் முறையாக ஏரிக்கரைக்கு வந்தாள். கையில் விஷ்ணு ஸஹஸ்ரநாமப் புத்தகம். கச்சான் பலமாக அடித்தது. குழந்தை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். மேல் மிதவையைத் தாண்டியதும் படகு திடீரென்று ஒரு முழுச் சுற்று சுற்றியது. கரையிலிருந்த எங்களுக்குக் காரணம் புரியவில்லை. பாட்டி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். அதற்குள் நான்கு படகுகள் தாண்டிப் போய்விட்டன. ஏழாவதாக முடித்தாள். மொத்தக் கணக்கில் கோப்பை கை நழுவியது.

கரைக்கு வந்ததும் என் பிள்ளை கேட்டான், "என்ன ஆச்சு?" "கம்பு நுனி மிதவைல பட்டுடுத்துப்பா." "யாராவது பார்த்தாளா?" "இல்லை. மீட்புப் படகு அந்தப் பக்கம் இருந்துது." "அப்போ ஏன் சுத்தினே?" அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "தொட்டா சுத்தணும்பா" என்றாள். அவ்வளவுதான். அழவும் இல்லை, பெருமை பேசவும் இல்லை. என் பிள்ளைக்கு வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நான் முப்பத்தைந்து வருஷம் பிறர் கணக்கைச் சரிபார்த்தவன். தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். அன்று அந்தக் கணக்கில் ஒருவர் கூடினார்.

பாட்டி என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். "தலையைத் துவட்டிக்கோ" என்றாள். இன்றும் ரேஸ் நாளில் அவள் ஸஹஸ்ரநாமம் முடியும் வரை போனை எடுப்பதில்லை. பயம் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடு அனுப்பி வைக்கப் பழகிவிட்டாள்.

உங்களில் பலர் கேட்கும் கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் குழந்தை கறுத்துவிடுவாளே? கறுப்பாள். முழுக்கை ஜெர்ஸி, தொப்பி, க்ரீம் எல்லாம் உண்டு. அதற்கு மேலும் கறுத்தால், வரன் பார்க்கும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏரித் தண்ணீர் சுத்தமா? நம் ஏரித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் இல்லை, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. வாயை மூடிக்கொண்டு விழ வேண்டும், காயம் இருந்தால் இறங்கக் கூடாது, வந்தவுடன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

படிப்பு கெடாதா? வார இறுதிகளும் கோடை விடுமுறையும் போதும், தொடங்குவதற்கு. பத்தாம் வகுப்பு வந்தால் குறைத்துக்கொள்ளட்டும், நிறுத்த வேண்டாம். திசையும் கோணமும் விசையும் அவளுக்குப் புத்தகத்தில் வருவதற்கு முன்பே கையில் வந்துவிட்டன.

இதில் எதிர்காலம் உண்டா? சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் பன்னிரண்டு வயதில் ஒரு கோடை முகாமில் தொடங்கியவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகில் அந்தத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024-ல் பாரீஸுக்கும் போனார். 2023-ல் ஹாங்ஷோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நேஹா டாக்கூர் வெள்ளி வென்றார். மத்தியப் பிரதேசத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். கடல் இல்லாத போபாலில், ஏரியில் கற்றவர். அதே போட்டியில் ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் லேசர் வகுப்பில் வெண்கலம் வென்றார். ஆனால் பதக்கத்துக்காக அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

நம்மவர்கள் கடல் கடப்பதே தோஷம் என்று இருந்த காலம் உண்டு. 1914-ல் கணிதமேதை ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு வீட்டில் எவ்வளவு தயக்கம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று நம் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். விமானத்தில் கடலைத் தாண்டிவிட்டோம். தண்ணீர்ப் பயத்தை மட்டும் தாண்டவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதய நோயோ, தோள் மூட்டு உபாதையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். மற்றவர்கள் இளங்காற்றில், துணைக்கு ஒருவரோடு, இருவர் ஓட்டும் படகில் தாராளமாகத் தொடங்கலாம். நான் எழுபத்திரண்டு வரை தனியாக ஓட்டினேன். இப்போது முழங்கால் ஒப்புக்கொள்ளாததால் நடுவர் படகில் உட்கார்ந்து விநாடி எண்ணிக் கொடி இறக்குகிறேன். அதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் நேரம் தவறாதவர்கள் என்று கிளப்பில் நல்ல பெயர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்மாராவ் நகரிலும் மாரேட்பல்லியிலும் இருக்கும் நம் உறுப்பினர் வீடுகளில் எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று ஒரு பட்டியல் எடுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தெரியாதவர்களை இந்தக் கோடையில் நீச்சலுக்கு அனுப்புங்கள். அடுத்த கோடையில் அவர்களில் விருப்பமுள்ளவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப் போக நான் தயார். காலை ஆறு மணிக்கு ஸ்கந்தகிரி கோவில் வாசலில் நிற்பேன். மாற்றுத் துணியும் துண்டும் கொண்டு வரட்டும். முதல் நாளே நனைவார்கள்.